பூத்துக்குள்ள நம்ம ஓட்டை நாமளே போட்டோ எடுக்கலாமா? வடசென்னையில அடிக்கடி கேக்கற கேள்விகள்

தேர்தல் தேதி அறிவிச்ச உடனே தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி பக்கம் பசங்க, அக்காங்க, ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்ங்க எல்லாம் இதே கேள்விங்களைத்தான் திரும்பத் திரும்ப கேக்கறாங்க. முதல் தடவை ஓட்டு போடப் போற பசங்களுக்கு போட்டோ ஆசை ரொம்பவே இருக்கு, அதுல தப்பும் இல்ல. ஆனா ஓட்டோட போட்டோவை அனுமதிக்கவே கூடாதுங்கறது என் கருத்து, அதுக்கான காரணம் எல்லாம் நம்ம தெருவுலயே இருக்கு. ஒண்ணொண்ணா சொல்றேன்.

ஓட்டு என்னுது, போன் என்னுது, நான் போட்டோ எடுத்தா யாருக்கு என்ன நஷ்டம்?

உனக்கு ஒரு நஷ்டமும் இல்லாம இருக்கலாம் தம்பி. நீ காலேஜ் படிக்கற, யாருக்கும் கடன் கிடையாது, உன்னை யாரும் மிரட்ட மாட்டாங்க, நீ உன் சந்தோஷத்துக்கு எடுத்து ஸ்டேட்டஸ்ல வெப்ப. ஆனா ஓட்டு ரகசியம்ங்கறது உனக்கு மட்டும் குடுத்த உரிமை கிடையாது, உன் பக்கத்து வீட்டுல வாடகைக்கு இருக்கற அக்காவுக்கும் சேத்து குடுத்த பாதுகாப்பு. இப்ப யாரும் எடுக்க முடியாதுன்னு இருக்கறதால அந்த அக்காகிட்ட யாராவது "காட்டு"ன்னு கேட்டா "உள்ள போனே விட மாட்டாங்கண்ணா"ன்னு ஒரே வரியில தப்பிச்சிடலாம். எடுக்கலாம்னு ஆயிடுச்சுன்னா அடுத்த கேள்வி "எல்லாரும் எடுத்தாங்களே, நீ மட்டும் ஏன் எடுக்கல, அப்போ மாத்தி குத்திட்டியா?" அவ்ளோதான், அந்த அக்காவுக்கு பதில் சொல்ல ஒண்ணும் இருக்காது. நீ ஆசைக்கு எடுக்கறது அவங்களுக்கு கட்டாயமா மாறிடும், இதுதான் இந்த பக்கம் முழுக்க நான் சொல்ல வர்ற விஷயம்.

சட்டத்துல இதைப் பத்தி என்ன இருக்கு?

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 128-வது பிரிவு ஓட்டு ரகசியத்தைப் பத்தி பேசுது, ஆனா அது தேர்தல் வேலையில இருக்கறவங்களுக்கு, அதாவது அதிகாரிங்க, ஏஜென்ட்டுங்க, எண்ணற இடத்துல இருக்கறவங்க. அவங்க ரகசியத்தை வெளிய விட்டா 3 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா அபராதம், இல்லன்னா ரெண்டும். ஓட்டு போடற நமக்கு 1961-ல வந்த தேர்தல் விதிகள்ல 49எம்-னு ஒரு விதி இருக்கு, பூத்துக்குள்ள ஒவ்வொரு வாக்காளரும் ரகசியத்தைக் காப்பாத்தணும், முறைப்படி நடக்கணும்னு. பூத்துக்கு பொறுப்பா இருக்கற பிரிசைடிங் ஆபீஸர் எச்சரிச்சும் கேக்கலன்னா உங்களை ஓட்டு போட விடாம அனுப்பிடலாம், அதை ரெஜிஸ்டர்லயும் எழுதி வெப்பாங்க. போட்டோ எடுக்காதேன்னு தனியா ஒரு பிரிவு அந்த சட்டத்துல கிடையாது, அதைக் காட்டித்தான் சிலர் "எங்க தடை இருக்கு, காட்டு பாப்போம்"னு வாதம் பண்றாங்க. தடை இந்த விதியிலயும் தேர்தல் ஆணையம் போன் பத்தி போட்டிருக்கற உத்தரவுலயும் இருக்கு, அது போதும்.

இன்னொண்ணு, 2013-ல சுப்ரீம் கோர்ட்டு நோட்டா பட்டன் வைக்கச் சொன்னுச்சே, அதுக்கு அடிப்படைக் காரணமே ரகசியம்தான். அதுக்கு முன்னாடி யாருக்கும் ஓட்டு போட விருப்பம் இல்லன்னா 49ஓ-ன்னு சொல்லி ரெஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்து போடணும், பூத்துல உக்காந்திருக்கற எல்லா கட்சி ஏஜென்ட்டுக்கும் தெரிஞ்சுடும். யாருக்கும் போடாதவனோட ரகசியத்தையும் காப்பாத்தணும்னு கோர்ட்டு சொல்லித்தான் நோட்டாவே வந்துச்சு.

அப்போ போனை பூத்துக்கு கொண்டு போகவே கூடாதா?

முன்ன 100 மீட்டருக்குள்ள போனே கூடாது. வீட்டுல வெச்சிட்டு வரணும், இல்லன்னா வெளிய யாரையாவது நம்பிக் குடுத்துட்டு போகணும், கைக்குழந்தையோட தனியா வர்ற பொண்ணுங்க, வேலைக்குப் போற வழியில வர்றவங்க எல்லாம் ரொம்ப கஷ்டப்பட்டாங்க, சிலர் கடுப்பாகி ஓட்டே போடாம திரும்பினதும் உண்டு. 2025 மே மாசம் தேர்தல் ஆணையம் இதை மாத்துச்சு. சுவிட்ச் ஆஃப் பண்ணின போனோட 100 மீட்டருக்குள்ள வரலாம், பூத் வாசல் கிட்ட பொட்டியோ சணல் பையோ வெச்சிருப்பாங்க, அதுல போட்டுட்டு உள்ள போகணும், திரும்பி வரும்போது வாங்கிக்கலாம். இடத்தைப் பொறுத்து தேர்தல் அதிகாரி இதுல சில பூத்துக்கு விலக்கும் குடுக்கலாம், அதனால உங்க பூத்துல என்ன நிலைமைன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. இந்த மாற்றம் ரொம்ப நல்ல மாற்றம்னு நினைக்கறேன், தடை போடறவங்க வழியும் காட்டணும் இல்லையா.

வெளிய வந்து யாருக்கு போட்டேன்னு வாயால சொல்லலாமா?

தாராளமா சொல்லலாம், 100 மீட்டர் தாண்டி டீக்கடையில உக்காந்து கத்தியே சொல்லலாம். பூத்துல இருந்து 100 மீட்டருக்குள்ள ஓட்டு கேக்கறதுதான் 130-வது பிரிவுப்படி குத்தம், அதனால அங்க மட்டும் வாயை மூடிக்கோங்க.

வாயால சொன்னா சரி, போட்டோவுல காட்டினா தப்பா? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒண்ணே இல்ல. வாயால சொல்றதுல பொய் சொல்ல முடியும். "உங்களுக்குத்தான் போட்டேன் தலைவரே"ன்னு நாலு கட்சிக்காரங்க கிட்டயும் சொல்லிட்டு மனசுக்குப் புடிச்சவங்களுக்கு குத்திட்டு வரலாம், யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. வசதி இல்லாதவங்களுக்கு இந்த நாட்டுல இருக்கற பெரிய பலமே இந்தப் பொய்தான், இதை நான் மனசார சொல்றேன். கவர் குடுத்தவன், கடன் குடுத்தவன், வேலை குடுத்தவன், எல்லாரையும் அந்த அட்டை மறைப்புக்குப் பின்னாடி ஒரு நிமிஷம் நிறுத்தி வெச்சிட்டு நாம தனியா நிக்கறோம். போட்டோ வந்தா அவங்க எல்லாரும் நம்மகூடவே மறைப்புக்குள்ள வந்துடுவாங்க.

பழைய காலத்துல வெளிநாட்டுலயும் எல்லார் முன்னாடியும் பேர் சொல்லி ஓட்டு போடற வழக்கம்தான் இருந்துச்சு. பண்ணையார் முன்னாடி அவர் நிலத்துல குத்தகைக்கு இருக்கறவன் எப்படி வேற பேர் சொல்லுவான்? 1856-ல ஆஸ்திரேலியாவுல விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா பக்கம் ரகசிய ஓட்டு வந்துச்சு, 1872-ல இங்கிலாந்துல வந்துச்சு. அவ்ளோ போராடி வாங்கினதை ஒரு ஸ்டேட்டஸுக்காக விட்டுக் குடுக்கணுமா?

காசு குடுக்கறவங்க நெஜமாவே போட்டோ கேப்பாங்களா? சும்மா பயமுறுத்தாதீங்க.

பயமுறுத்தல, நம்ம ஏரியாவுல நடந்ததையே சொல்றேன். 2017 ஏப்ரல் 12-ம் தேதி ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் நடக்க இருந்துச்சு. ஓட்டுக்கு காசு குடுத்த விவகாரத்துல ஓட்டுப்பதிவுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி தேர்தல் ஆணையம் அந்த தேர்தலையே ரத்து பண்ணிடுச்சு. வருமான வரி சோதனையில சிக்கின ஆவணங்கள்ல 89 கோடி ரூபா கணக்கு இருந்ததா அப்ப எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. ஊரு உலகமே நம்மளைப் பாத்து பேசினது இன்னும் மறக்கல. இது நமக்கு மட்டும் நடந்ததும் கிடையாது, 2016-ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2019-ல வேலூர் எம்பி தேர்தல்னு தமிழ்நாட்டுல காசு விவகாரத்துல நின்னு போன தேர்தல் இன்னும் இருக்கு.

ஆர்.கே. நகருக்கு அதே வருஷம் டிசம்பர் 21-ல மறுபடி தேர்தல் நடந்துச்சு. அப்ப ஒரு புகார் பரவுச்சு, 20 ரூபா நோட்டை டோக்கனா குடுத்திருக்காங்க, ஜெயிச்ச அப்புறம் அந்த நோட்டைக் காட்டினா மீதி காசுன்னு. அந்த புகார் எந்த அளவுக்கு உண்மைங்கற விவாதத்துக்குள்ள நான் போகல. அதுல இருக்கற கணக்கை மட்டும் பாருங்க. டோக்கன் எதுக்கு? காசு வாங்கினவன் குத்துவானான்னு குடுக்கறவனுக்கு நம்பிக்கை இல்ல. ஏன் இல்ல? உள்ள என்ன குத்தினான்னு பாக்க முடியாது. முழு காசையும் முன்னாடியே குடுத்தா மூணு கட்சிக்காரன்கிட்டயும் வாங்கிட்டு நாலாவது ஆளுக்கு குத்திட்டு போயிடுவான். இப்ப போட்டோவை அனுமதிச்சுப் பாருங்க, டோக்கனே தேவையில்ல, போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பு, ஜிபேல காசு வரும். தெருவுக்கு ஒரு ஆள் உக்காந்து டிக் அடிச்சுட்டு போவான். இன்னைக்கு காசு குடுக்கறவனுக்கு இருக்கற பெரிய தலைவலியை நாமளே தீத்து வெக்கற மாதிரி ஆயிடும்.

காசு விஷயத்தை விடுங்க. வேற யாரு போட்டோ கேக்கப் போறா?

இந்த கேள்விக்கு எல்லாரும் கட்சியைப் பத்தியே யோசிக்கறாங்க, வீட்டைப் பத்தி யாரும் யோசிக்கறதில்ல. எத்தனை வீட்டுல "எல்லாரும் இதுக்குத்தான் போடணும்"னு வீட்டுக்காரர் சொல்றார், மாமனார் சொல்றார்? அந்தம்மா தலையை ஆட்டிட்டு, குழந்தையை இடுப்புல தூக்கிட்டு வரிசையில நின்னு, உள்ள போய் அவங்களுக்கு சரின்னு பட்டதை அமுத்திட்டு வராங்க. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசறதில்ல. அஞ்சு வருஷத்துல அவங்களுக்குன்னு தனியா எடுக்கற முடிவு அது ஒண்ணா கூட இருக்கலாம். அங்க போய் "போனை எடுத்துட்டு போ, போட்டோ அனுப்பு"ன்னு வீட்டுக்காரர் சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? நான் இதை நினைச்சாலே கோபம் வருது, போட்டோ என் சுதந்திரம்னு பேசறவங்க யாரும் இந்த அம்மாவைக் கணக்குலயே எடுக்கறதில்ல.

அப்புறம் வட்டிக்கு விடறவர், மகளிர் குழுவுல லோன் வாங்கித் தர்றவங்க, ஹார்பர் பக்கம் வேலைக்கு ஆள் எடுக்கற மேஸ்திரி, வீட்டு ஓனர், ஜாதி சங்கத்து ஆளுங்கன்னு லிஸ்ட் பெருசு. இதுல யாரும் கெட்டவங்களா இருக்கணும்னு கூட இல்ல, "நம்ம ஆளு நின்னிருக்கார், எல்லாரும் போட்டு குரூப்ல போட்டோ போடுங்க"ன்னு பாசமா சொன்னாலே போதும், போடாதவன் யாருன்னு தெரிஞ்சிடும்.

போட்டோவைத்தான் எடிட் பண்ணிடலாமே? அப்போ போட்டோ ப்ரூஃப் ஆகாதே?

நல்ல கேள்வி. எடிட் பண்ணத் தெரிஞ்ச பையன் தப்பிச்சிடுவான், காசிமேட்டுல மீன் விக்கற ஆயா எப்படி எடிட் பண்ணும்? ஏமாத்தத் தெரிஞ்சவனுக்கு மட்டும் ரகசியம், மத்தவங்களுக்கு இல்லன்னு ஆயிடும். அதோட பட்டன் மேல விரலை வெச்சு போட்டோ எடுத்துட்டு வேற பட்டனை அமுத்தலாம்னு சிலர் சொல்றாங்க, சரிதான், ஆனா கேக்கறவன் முட்டாள் இல்ல, ஓட்டு மெஷின் பக்கத்துல சீட்டு அச்சடிக்கற விவிபேட் மெஷின் கண்ணாடியில 7 செகண்டு சீட்டு தெரியுது பாரு, அதை வீடியோ எடுத்துட்டு வான்னு சொல்லுவான்.

அந்த விவிபேட் சீட்டுதான் எனக்கு வேணும். என் ஓட்டு சரியா விழுந்துச்சான்னு எனக்கு ஆதாரம் வேண்டாமா?

இந்த சந்தேகம் நியாயமான சந்தேகம், இதை நான் சாதாரணமா ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஆனா போட்டோ இதுக்கு மருந்து கிடையாது. சீட்டுல வரிசை நம்பர், பேர், சின்னம் மூணும் வரும், அதை போட்டோ எடுத்தா சீட்டு சரியா அச்சாச்சுன்னு மட்டும்தான் தெரியும், ஓட்டைப் பதிவு பண்ணி வெக்கற கன்ட்ரோல் யூனிட்டுல எப்படி எண்ணினாங்கன்னு உங்க போட்டோ சொல்லாது. சீட்டையும் மெஷினையும் ஒப்பிட்டு எண்ணினாத்தான் அது தெரியும். இப்ப ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 பூத்து சீட்டை அப்படி எண்றாங்க, எல்லா சீட்டையும் எண்ணணும்னு போட்ட வழக்கை 2024 ஏப்ரல் 26-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி பண்ணிடுச்சு. 5-ங்கறதை இன்னும் அதிகமாக்கணும்னு கேக்கறது சரியான கோரிக்கை, அதுக்கு நானும் கூட வர்றேன்.

நீங்க அமுத்தினது ஒண்ணு, சீட்டுல வந்தது வேறன்னா அங்கயே பிரிசைடிங் ஆபீஸர்கிட்ட சொல்லணும். 49எம்ஏ விதிப்படி எழுதி வாங்கிட்டு, ஏஜென்ட்டுங்க முன்னாடி உங்களை ஒரு டெஸ்ட் ஓட்டு போடச் சொல்லுவாங்க, தப்பு உண்மைன்னா அந்த மெஷினையே நிறுத்திடணும். பிரச்சனை என்னன்னா, டெஸ்ட்டுல சரியா வந்துட்டா பொய் புகார்னு உங்க மேல கேஸ் வரலாம். எந்த சாதாரண மனுஷன் இந்த ரிஸ்க்கை எடுப்பான்? மாத்த வேண்டியது இந்த விதியை. போட்டோ கேட்டு போராடறவங்க அந்த தெம்பை இதுல காட்டினா எவ்ளோ நல்லா இருக்கும்.

அமெரிக்காவுல விடறாங்களே?

சில மாநிலத்துல விடறாங்க, சில மாநிலத்துல விடல. நியூ ஹாம்ப்ஷயர்ல 2014-ல ஓட்டு போட்டோவை சோஷியல் மீடியாவுல போட்டா 1000 டாலர் வரை அபராதம்னு சட்டம் கொண்டு வந்தாங்க, 2015-ல கீழ் கோர்ட்டும் 2016-ல மேல் கோர்ட்டும் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. காரணம் என்ன தெரியுமா, போட்டோவை வெச்சு இங்க யாரும் ஓட்டை வாங்கினதா ஆதாரமே இல்லையே, இல்லாத வியாதிக்கு எல்லாரையும் ஏன் தண்டிக்கறீங்கன்னு கேட்டாங்க. அந்த ஊருக்கு அந்த கேள்வி பொருந்தலாம். நம்ம ஊருல வந்து அதே கேள்வியைக் கேட்டா ஆர்.கே. நகரைக் காட்டுங்க. நியூயார்க்ல 1890-லயே வந்த பழைய தடைக்கு எதிரா கேஸ் போட்டாங்க, 2017-ல கோர்ட்டு தடை செல்லும்னு சொல்லிடுச்சு.

நம்ம நிலைமைக்கு இத்தாலிதான் ஒத்து வரும். அங்க மாஃபியா ஆளுங்க ஓட்டு போட்டதுக்கு போன்ல ஆதாரம் கேட்டதாலதான் 2008-ல போட்டோ எடுக்கற கருவி எதுவும் மறைப்புக்குள்ள கொண்டு போகக் கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. ஜெர்மனியிலயும் 2017-ல இருந்து மறைப்புக்குள்ள போட்டோ, வீடியோ கூடாது.

ராஜ்யசபா தேர்தல்ல எம்எல்ஏ எல்லாம் ஓட்டைக் காட்டித்தானே போடறாங்க?

ஆமா, 2003-ல சட்டத்தை மாத்தி அப்படிக் கொண்டு வந்தாங்க, 2006-ல சுப்ரீம் கோர்ட்டும் சரின்னு சொல்லிடுச்சு. அவங்க கட்சி சின்னத்துல ஜெயிச்சு போனவங்க, யாருக்குப் போடறாங்கன்னு பதில் சொல்லியாகணும். நாம யாருக்கும் பதில் சொல்ல வேண்டியது கிடையாது. அதுலயும் தன் கட்சி ஏஜென்ட்டுக்கு மட்டும்தான் காட்டலாம், 2017 ஆகஸ்ட்ல குஜராத்துல ரெண்டு எம்எல்ஏ வேற ஆளுக்கும் தெரியற மாதிரி காட்டினதால அவங்க ஓட்டே செல்லாம போச்சு.

பூத்துல கேமரா வெச்சிருக்காங்களே, அது பாக்காதா?

வெப் கேமரா இருக்கும், ஆனா பட்டன் மெஷின் இருக்கற மறைப்புக்குள்ள தெரியற மாதிரி வைக்கக் கூடாது. தெரியற மாதிரி இருந்தா ஓட்டு போடறதுக்கு முன்னாடியே ஆபீஸர்கிட்ட சொல்லுங்க.

பூத் வாரியா எண்ணி எந்தத் தெருவுல எவ்ளோன்னு வெளியிடறாங்களே, அப்போ ரகசியம் எங்க இருக்கு?

இதுல உங்க கோபம் சரிதான். தேர்தல் முடிவு எழுதற ஃபார்ம் 20-ல பூத் வாரியா கணக்கு வந்துடுது, ஒரு பூத்துன்னா ஆயிரத்து சொச்சம் பேரு, "இந்த ஹவுசிங் போர்டு நமக்குப் போடல, தண்ணி லாரி லேட்டா வரட்டும்"னு நினைக்கறவங்களுக்கு அது போதும். பல பூத்தைக் கலந்து எண்ணற டோட்டலைசர் மெஷினை தேர்தல் ஆணையமே 2008-ல பரிந்துரைச்சது, இன்னும் வரல. அது வரணும். ஆனா தெரு அளவுல கசியுதுன்னு ஆள் அளவுல திறந்து விடறதுல என்ன நியாயம் இருக்கு? ஆயிரம் பேருக்குள்ள ஒளிஞ்சு நிக்கறதே இப்ப நமக்கு இருக்கற நிழல்.

85 வயசு பாட்டிக்கு வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கறாங்க. அதை நாங்க வீடியோ எடுக்கலாமா?

பாட்டி ஓட்டு போடறதை எடுக்கக் கூடாது. 85 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல ஊனம் இருக்கறவங்களுக்கும் 12டி ஃபார்ம் குடுத்தா தபால் ஓட்டு வீட்டுக்கே வரும். வர்ற டீம் தங்களோட வேலையை வீடியோ எடுப்பாங்க, ஆனா யாருக்கு டிக் பண்றாங்கங்கறது அதுல வரக் கூடாது. பாட்டிக்கு ஒரு மூலையில தனியா இடம் குடுத்துட்டு நீங்க எல்லாரும் தள்ளி நில்லுங்க, பேரனும் சேத்துதான் சொல்றேன்.

உள்ள எடுத்து மாட்டிக்கிட்டா என்ன ஆகும்?

பட்டன் அமுத்தறதுக்கு முன்னாடின்னா ஓட்டே போட விடாம அனுப்பலாம், சொல் பேச்சு கேக்கலன்னா 132-வது பிரிவுப்படி வெளிய அனுப்புவாங்க, மறுபடி உள்ள நுழைஞ்சா 3 மாசம் வரை ஜெயில் இருக்கு. போலீஸ் கேஸும் ஆகலாம். 18 வயசுப் பையனை முதல் ஓட்டுலயே ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு போறது எனக்கு உடன்பாடு இல்ல, போட்டோவை டெலீட் பண்ண வெச்சு எச்சரிச்சு அனுப்பினா போதும்னு நினைக்கறேன். காட்டச் சொல்லி கட்டாயப்படுத்தினவனைத்தான் புடிக்கணும்.

யாராவது போட்டோ அனுப்பச் சொன்னா நான் என்ன பண்றது?

"போனை வாசல்லயே வாங்கி வெச்சுட்டாங்க"ன்னு சொல்லுங்க. இது உண்மை, வாதத்துக்கே இடம் இல்ல. அவங்க கேட்ட மெசேஜ் இருந்தா அழிக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. தேர்தல் ஆணையத்தோட சிவிஜில் ஆப்ல போட்டோ, வீடியோ, ஆடியோவோட புகார் பண்ணலாம், பேர் சொல்லாமலும் அனுப்பலாம், 100 நிமிஷத்துக்குள்ள நடவடிக்கைங்கறது அவங்க கணக்கு. தேர்தல் உதவி நம்பர் 1950-க்கு போனும் பண்ணலாம். ஒண்ணு கவனம், ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 170-வது பிரிவுப்படி ஓட்டுக்கு காசு குடுக்கறதும் குத்தம், வாங்கறதும் குத்தம், 173-ல ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. அதனால வாங்காம புகார் பண்றதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு.

அப்போ எந்த போட்டோதான் எடுக்கறது?

மை வெச்ச விரல் போட்டோ எடு, 100 மீட்டர் தாண்டி வந்து எவ்ளோ வேணா எடு, அம்மா, பாட்டி எல்லாரையும் நிக்க வெச்சு குரூப்பா எடு. மை காயறதுக்கு முன்னாடி முடியிலயோ சட்டையிலயோ தேய்ச்சுடாத, போட்டோவுல சரியா தெரியாது. போன் பொட்டியில போடும்போது சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டியான்னு பாரு, நூறு போன் இருக்கற இடத்துல உன்னுது எதுன்னு தெரியற மாதிரி கவர் மேல பேர் எழுதின ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு வா, திரும்ப வாங்கும்போது சண்டை இருக்காது.